பின்சந்து வழி

தெருக்கோடியில் மாநகராட்சியே மலிவுவிலைக் கடை திறந்ததிலிருந்து மளிகைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வியாபாரம் படுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அங்கே வாங்கியவர்கள் இவர் முகத்தில் விழிக்கக் கூசி, பின்சந்து வழியாகச் சுற்றிப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. நிறைமாதத் தையல்காரிகூட அரிசிப் பையோடு வெயிலில் சுற்றினாள்.

"நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று வெறுந்தெருவிடம் எரிந்து விழுந்தார்.

மறுநாள் காலையிலேயே ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தெரு களைகட்டியது. செருப்புச் சத்தமும் பழைய அரட்டையும் ஷட்டரை உரசிக்கொண்டு போயின. தையல்காரி நின்றாள்.

"கடை ஏன் சாத்தியிருக்கு?"

"அவரும் அங்கதான் அரிசி வாங்கப் போயிருப்பாரு!" என்றது இன்னொரு குரல்.

தெருவே சிரித்தது. உள்ளே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.