டிரம்முக்குள் எரிந்த பல்பு

யுத்தம் முடிந்த வருஷம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த கஸ்பார் ஒரு கிதாரையும் இரண்டு சிநேகிதர்களையும் வைத்து இராயபுரத்தில் ஒரு பாண்டு தொடங்கினான். ஹுமாயூன் டிரம், ஜார்ஜ் டிரம்பெட். ‘கஸ்பார் பார்ட்டி’ என்ற பெயரைப் பெரிய டிரம்மின் முகத்தோலில் எழுதினார்கள். சபையைப் பார்த்து அசையாமல் நிற்கும் பொருள் அது ஒன்றுதானே.

கடல்காற்று தோலுக்கு ஆகாது. ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும்; அடித்தால் கப்பலிலிருந்து மூட்டை விழுகிற சத்தம்தான் வரும். கஸ்பார்தான் அதற்கு வழி கண்டான். டிரம்முக்குள்ளே ஒரு பல்பை மாட்டினான். சூட்டில் தோல் காய்ந்து விறைத்தது. கூடவே வெளிச்சமும் தோலை ஊடுருவி வர, அவன் பெயர் தகதகவென்று எரிந்தது.

பெயர் எரிந்தது; கிதார் கேட்கவில்லை. டிரம்பெட்டில் ஓர் ஆளின் முழு மூச்சும் பித்தளை வழியாகப் பாய்கிறது. கிதாரிலோ ஒரு கம்பி அதிர்ந்து மெல்லிய பலகையை அசைக்க வேண்டும். பலகை காற்றை அசைக்க வேண்டும். கல்யாணக் கூட்டத்தின் இரைச்சலில் அந்தக் காற்று இரண்டு முழம்கூடப் போவதில்லை.

“கோச்சுக்காத மாமு,” என்றான் ஹுமாயூன் ஒருநாள். “போன கல்யாணத்துல பொண்ணோட சித்தப்பா கேக்குறாரு, அந்தாளு இன்னாத்துக்கு ஒரு பொட்டிய சொறிஞ்சிகினு நிக்கிறான்னு.”

ஜார்ஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அக்கார்டியன் ஜெயவேலு வரேன்றான்பா. அது தொறந்தா தெருக்கோடி வரிக்கும் கேக்கும்.”

“திருவொத்தியூர் மில்லு டான்ஸ் கீதுல்ல,” என்றான் ஹுமாயூன். “அன்னிக்கு உன் கிதார் கேட்டா நீ இரு. இல்லாங்காட்டி…”

“இல்லாங்காட்டி?”

“நீயே சொல்லேன் மாமு. என் வாயால எதுக்கு?”

பட்டாளத்தார் கழித்துப்போட்ட, ரேடியோ கேட்கக் காதில் மாட்டும் காதுக்குழாய்களைக் கஸ்பார் வாங்கிப் பிரித்தான். உள்ளே ஒரு காந்தமும், அதைச் சுற்றி மயிரிழைக் கம்பியும் இருந்தன. அதைக் கிதாரின் இரும்புக் கம்பிகளுக்கு அடியில் பொருத்தினான். காந்தத்தின் மேல் இரும்பு அதிர்ந்தால், சுற்றிய கம்பியில் அதே அதிர்வு ஒரு துளி மின்சாரமாக எழும். அந்தத் துளியைப் பெருக்குவதற்குப் பழைய ரேடியோ உறுப்புகளைச் சேர்த்து ஒரு பெட்டி செய்தான். வீட்டுப் பிளக்கில் செருகி ஒரு கம்பியைத் தட்டினான்.

மனைவி ஐரீன் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “அய்ய, தட்டெல்லாம் ஆடுதுய்யா!”

“கேக்குதா?”

“பக்கத்து வூட்டு கெங்கம்மாவ கேளு. திட்டிகினு கீறா.”

எத்தனையோ நாள் கழித்து அன்று அவன் சிரித்தான்.

மில் ஹாலில் மேடைக்கு ஒரே ஒரு மின்முனைதான். கஸ்பார் இரட்டைப் பிளக் கொண்டுவந்திருந்தான். முதலில் டிரம்மின் பல்பைச் செருகினான். பெயர் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று பெட்டியையும் செருகினான். கூட்டம் அமைதியாயிற்று. கிதாரைத் தொட்டான். பெட்டி லேசாக உறுமியதோடு சரி. பிறகு தார் உருகுகிற நாற்றம் வந்தது, பின்னாலேயே புகை.

மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு. ஊருக்கு வருவது கிதார் வாசிக்கிற கையைப் போல மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த மில் தன் சொந்த டைனமோவில் உண்டாக்கியது ஒரே பக்கமாக ஓடும். பல்புக்கு இரண்டும் ஒன்றுதான், சூடேறினால் எரியும். கஸ்பாரின் பெட்டியில் இருந்த டிரான்ஸ்பார்மருக்கு அந்த ஆட்டம் வேண்டும். அந்த ஆட்டம்தான் மின்சாரத்துக்குக் கடிவாளமும்கூட. அது இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர் வெறும் கம்பிச் சுருள். கட்டுக்கடங்காமல் மின்சாரம் பாய்ந்து வெந்துபோகும். இதெல்லாம் கஸ்பாருக்குத் தெரியும். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எரிந்துகொண்டிருந்த தன் பெயரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

ஜார்ஜ் வெளியே போனான். திரும்பும்போது அவனோடு ஜெயவேல் வந்தான், தோளில் அக்கார்டியனோடு. அவன் அவ்வளவு நேரமும் வாசலில்தான் காத்திருந்தான்.

அதன்பின் கஸ்பார் கிரேனோடு நின்றுகொண்டான்.

“போனது போவுது, உன் பேர அழிக்கச் சொல்லு,” என்று ஐரீன் அழுதாள். “நீ இல்லாத பார்ட்டிக்கு உன் பேரு இன்னாத்துக்கு?”

“பெயிண்டு தோல்ல ஊறிப்போச்சு. சொரண்டினா அந்த எடம் மெலிஞ்சிடும். அடிச்சா அங்கதான் கிழியும்.”

“கிழியட்டுமே!”



மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஹுமாயூன் வந்து வாசலில் நின்றான். “பேஜாரா பூட்ச்சு மாமு. காலடிப்பேட்டைல கல்யாணம். டிரம்முக்குள்ள பல்பு எரியல. தோலு ஈரமா தொங்குது. கனெக்‌ஷன் உனக்குத்தான தெரியும்.”

ஐரீன் புருஷனைப் போகவிடாமல் சட்டையைப் பிடித்தாள். கஸ்பார் அதை விடுவித்துக்கொண்டு கிளம்பினான்.

அந்தக் கல்யாண வீட்டில் முதல் காரியமாக, எந்த வகைக் கரண்ட் என்று கேட்டுக்கொண்டான். டிரம்மின் தோலில்லாத பின்பக்கம் வழியே கைவிட்டு, அறுந்த ஒயரை முறுக்கிப் பிணைத்தான். பல்பு எரிந்தது. விரல் நுனியால் தோலைத் தட்டித் தட்டிப் பார்த்தான். சூடேற ஏற மந்தமான சத்தம் உயர்ந்து, இறுகி, சுத்தமாயிற்று.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் அவசரமாக வந்தார். “ஏம்பா எலெக்ட்ரீசியன், வேலை முடிஞ்சுதா? அப்பால தள்ளு. கஸ்பார் பார்ட்டி வாசிக்கப் போறாங்க.”

இவன்தான் கஸ்பார் என்று சொல்ல ஹுமாயூன் வாயைத் திறந்தான். ஜார்ஜ் டிரம்பெட்டை உதட்டில் வைத்தான். ஹுமாயூன் கட்டையை எடுத்துக்கொண்டான்.

கஸ்பார் பின்பக்கமாக இறங்கினான். அங்கிருந்து பார்த்தால், எரிகிற தோலில் அவன் பெயர் வலமிருந்து இடமாகத் திரும்பித் தெரிந்தது. முதல் அடி விழுந்ததும் எழுத்துகள் அதிர்ந்தன.