குதிகால் கயிறு

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். அதன் மேல் வைத்திருக்கும் பாசத்தில் பாதியை என் மேல் வைத்திருந்தால் நான் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பேன். படியேறுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போகும் ஏணியை மட்டும் வேறு வழியில்லாமல் ஏறுவார்.

அப்படிப்பட்டவர், என் தம்பி தொப்பையைக் கிண்டல் செய்தான் என்று ரோஷம் வந்து திடீரென்று ஓட ஆரம்பித்தார். கொஞ்ச நாளிலேயே, காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலுக்கு மேலே சுருக்கென்று இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்கே போனார்.

“குதிகால் கயிறு தேஞ்சிருச்சு. லிஃப்ட்ல மாதிரிதான், தேஞ்ச கயித்துல பாரம் ஏத்தக்கூடாது” என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லி, லீவு போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். வலி குறையும். வேலைக்குப் போனால் திரும்ப வந்து நிற்கும்.

“கம்பெனியில சொல்லுங்களேன்” என்றேன்.

“முதுகு பிடிச்சவன ஃபோன் எடுக்கற மேசையில உக்கார வெச்சாங்க. இன்னும் அங்கயேதான் இருக்கான். என்னையும் அப்படி உக்கார வெச்சுட்டா என்னால தாங்க முடியாது.” கண் கலங்கியிருந்தது.

பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அவள் அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் காலை அழுத்திப் பார்த்தாள். குதிகால் தசைநார் அறுந்துபோகவில்லை என்றாள்.

“இது இரும்புக் கயிறு இல்ல சார். சும்மா வெச்சிருந்தா பலம் போயிடும். திடீர்னு வேலை குடுத்ததுல கோவிச்சுக்கிட்டிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா பாரம் ஏத்தினாத்தான் சமாதானமாகும். லேசா வலிச்சாப் பரவால்ல. மறுநாள் காலையில வலி கூடியிருந்தா அளவைக் குறைச்சுக்கோங்க. மாசக்கணக்குல ஆகும். ஓட்டம் இப்போ வேணாம்.”

முதலில் தரையில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். ஷூவுக்குள் ஒரு மெத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். வலி மட்டுப்பட்டதும், படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி எழும்பி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னாள்.

“படியிலயா?” என்றார், ஏதோ திருடச் சொன்ன மாதிரி.

தினமும் காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கட்டடத்துப் படியில் நின்றார். அங்கேதான் வினை. லிஃப்ட் மெக்கானிக் உம்மென்று படியில் நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? லிஃப்ட் பழுது என்றுதான். ஒருத்தரும் பொத்தானை அழுத்தவில்லை. கனத்த பையும் கையுமாக எல்லாரும் மூச்சு வாங்கப் படியேறினார்கள். லிஃப்ட் கீழே ஈயோட்டிக்கொண்டிருந்தது. கடைசி மாடிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, லிஃப்ட் ஓடவே இல்லையென்று கம்பெனிக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

சூப்பர்வைசர் வந்தார். மேலும் கீழும் போய்ப் பார்த்தார். லிஃப்டில் ஒரு குறையும் இல்லை.

“அப்புறம் நீ ஏன்யா தினம் படியில நிக்கறே?”

என்னவர் லிஃப்ட் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டத்திலிருந்து படி வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். என்னவர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்.

சூப்பர்வைசர் எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் மோட்டார் அறை ஏணியைக் காட்டினார். “ஏறு, பாப்போம்.”

ஏறினார். நான் கீழே நின்று என் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படியிலும் பாதத்தை நிதானமாக ஊன்றி, மேலே போய், அதே நிதானத்தோடு இறங்கினார். நொண்டவில்லை.

“திங்கட்கிழமை புதுக் கட்டடத்துல லிஃப்ட் மாட்டற வேலைக்கு நீயே வா” என்றார் சூப்பர்வைசர். “படியில நிக்கும்போது மட்டும் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு நில்லு.”

அவர் போனதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. லிஃப்ட் பழுதானால் வாசலில் மாட்டுகிற அட்டையை என்னவர் பின்பக்கம் திருப்பி, ‘லிஃப்ட் ஓடுகிறது. மெக்கானிக்தான் பழுது’ என்று எழுதினார். நான் கடைசி மாடிக்கு இறங்கி வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்திக் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“நீ போ. நான் வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் இறங்க ஆரம்பித்தார்.