பின்னால் போன கோல்கீப்பர்

பெத்ரிஷோருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அணிப் பேருந்தின் கடைசி இருக்கையில் காலை நீட்டிப் படுத்து, முகத்தில் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தான். வியாழக்கிழமைப் பயிற்சியில் பிசகிய வலது முட்டி, புளித்த ரொட்டி மாவு மாதிரி உப்பியிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்பே வந்து, கைப்பிடியில் தொங்கி ஏறிப் படுத்தவன்தான்.

ஏன் இந்தக் கூத்து? பருவத்தின் கடைசி ஆட்டம் இன்று. சமன் செய்தால் கிளப் இரண்டாம் டிவிஷனில் தங்கும். தங்கினால் இன்னும் ஒரு வருடம் நீதான் கோல்கீப்பர் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். தோற்றால் இத்தாலிக்குப் போய் மைத்துனனோடு சிமெண்டு குழைக்க வேண்டியதுதான். மனைவி லாக்ரமியோரா பெட்டியைத் தூசிதட்டி வைத்தே விட்டாள். முப்பத்தேழு வயதில் பந்து பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறென்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

கணவாயைத் தாண்டியதும் பேருந்து நின்றது. முன்னால் பாலத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. வண்டியைத் திருப்ப இடமில்லை.

"பின்னால எடுத்து, பிரிவு ரோட்டுல வேற பக்கம் போயிரலாம் மிஸ்டர்" என்றார் ஓட்டுநர் திரயான், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியபடி.

பயிற்சியாளரை எங்கள் பையன்கள் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கவ்ரிலா மிஸ்டரின் முகம் வெளுத்தது. ஆட்டத்தன்று அணிப் பேருந்து பின்னால் போனால் அணியும் பின்னால் போகும். இதை நம்பாத பயிற்சியாளர் எங்கள் நாட்டில் தேடினால் கிடைக்கலாம். கவ்ரிலா அந்த ரகமில்லை.

"பின்னாலயா? என் பொணம் போகட்டும் பின்னால!"

"அப்ப ஆத்துக்குள்ள விடட்டுமா?"

மிஸ்டர் யோசித்தார். "எல்லாரும் இறங்குங்கடா! பிரிவு ரோடு வரைக்கும் நடங்க. ஆளில்லாத வண்டி பின்னால வந்தா கணக்குல வராது."

எல்லோரும் இறங்கினார்கள். பெத்ரிஷோர் இறங்கவில்லை. இறங்கினால் நொண்டல் தெரிந்துவிடும். சட்டையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டான். வண்டி பின்னோக்கி நகர நகர சட்டைக்குள்ளேயே சிலுவை போட்டுக்கொண்டான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கோல் கம்பத்தையும் முத்தமிடாமல் நிற்க மாட்டான்.

பிரிவு ரோட்டில் முதலில் ஏறியவன் மாற்றுக் கோல்கீப்பர் யுஸ்தின். வாய் சும்மா இருக்காத பயல்.

"தல! நீ இறங்கவே இல்லியா?"

அவ்வளவுதான். மிஸ்டர் பின்னிருக்கைக்கு ஓடி வந்து மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார்.

"உள்ளயா இருந்த?"

"தூங்கிட்டேன் மிஸ்டர்."

"எருமை கூட இப்படித் தூங்காதுடா! பின்னால போனவனக் கோல்ல நிறுத்துனா, பந்தும் அவனுக்குப் பின்னாலதானடா போகும்!"

பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வண்டி எவ்வளவு தூரம் பின்னால வந்துச்சோ, அவ்வளவு தூரம் இந்த ரோட்டுல முன்னால நடந்து தோஷத்தக் கழி. நடந்தாதான் இன்னிக்கி நீ. இல்லன்னா யுஸ்தின்."

கைப்பிடியில் தொங்கி இறங்கினான். தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். முட்டியைச் சுற்றி இறுக்கிய கட்டு காலைக் கழி மாதிரி நிறுத்தியிருந்தது. நடந்தான். பேருந்து உறுமிக்கொண்டு அவனைத் தொடர்ந்து ஊர்ந்தது.

"மாப்ளே, பொண்ணு எங்க?" என்று ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தினான். "கல்யாண வயலின்காரனக் கூப்பிடு!" என்றான் இன்னொருவன்.

பெத்ரிஷோர் சிரித்த மாதிரி கையை ஆட்டினான். முதுகெல்லாம் வியர்வை. ஒவ்வோர் அடிக்கும் உச்சந்தலை வரை சுரீர் என்றது. பாவி மனசும் சும்மா இருக்கவில்லை. வலப்பக்கம் தாழ்வாக ஒரு பந்து வந்தால்? வலது காலை ஊன்றித்தானே பாய வேண்டும்? எதை ஊன்றுவது? மறுபடி மறுபடி அந்தப் பந்து வந்தது. மறுபடி மறுபடி உள்ளே போனது.

கணக்குத் தூரம் முடிந்ததும் பேருந்து அவனைத் தாண்டி நின்று கதவைத் திறந்தது. இடது காலைப் படியில் வைத்து உடம்பை இழுத்தான். வலது கால் படியில் இடித்தது. "அம்மா!" என்று அலறிவிட்டான்.

மிஸ்டர் குனிந்து கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தன் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தான் பெத்ரிஷோர். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கின மாதிரி இருந்தது அவனுக்கே ஆச்சரியம்.

"முட்டி கெடக்கட்டும், ஊசி போட்டுக்கலாம்" என்றார் மிஸ்டர் சந்தோஷமாக. "முழுசா நடந்துட்டல்ல? தோஷம் கழிஞ்சுது. நீதான் நிக்கிற!" கையுறைகளை அவன் கையில் திணித்தார்.

"வலப்பக்கம் பாய முடியாது மிஸ்டர்."

"ராசி இருந்தா பந்து இடப்பக்கம்தான் வரும்."

யுஸ்தின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டு வருடமாக பெஞ்சில் உட்கார்ந்தே தேய்ந்தவன். பத்துப் பதினைந்து பையன்களின் பிழைப்பு இந்த ஓர் ஆட்டத்தில் இருந்தது. பெத்ரிஷோர் கையுறைகளைப் பார்த்தான். ஆசைப்பட்டதெல்லாம் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பயமாக இருந்தது. முட்டியைக் காட்டியும் கேட்காத மனுஷனிடம் வேறு எந்தப் பாஷையில் பேசுவது?

கையுறைகளை யுஸ்தினின் மடியில் எறிந்தான். மிஸ்டரின் முகத்தைப் பார்த்தபடியே, கைப்பிடியைப் பிடித்து ஒரு படி பின்னால் இறங்கினான். பிறகு இன்னொரு படி. ரோட்டுக்கு வந்தும் திரும்பவில்லை. கண்ணீர் ஓட ஓட, நொண்டி நொண்டி, பின்னாலேயே போனான்.

"டேய்! பின்னால போகாதடா! நில்லுடா பாவி!"

"யுஸ்தின், கையுறைய மாட்டு!" என்று மிஸ்டர் அலறிய பிறகுதான் பெத்ரிஷோர் நின்றான்.