மன்னிக்கிற பாட்டு

மகள் எழுதிய நாடகம் என்றதுமே மேஸ்திரி இஸ்திரி போட்ட சட்டையை இரண்டு நாள் முன்னாடியே எடுத்துக் கதவில் மாட்டிவிட்டார். வெறும் நாடகம் இல்லை, ஓபராவாம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருத்தரும் பேச மாட்டார்கள். எல்லாம் பாட்டுதான்.

"இருமல் வந்தாக்கூட ராகத்தோடதான் இருமணுமா?" என்றார்.

"கிண்டல் பண்ணாதீங்கப்பா. கடைசி வருசம், இதை வச்சுதான் எனக்குப் பட்டமே. மெட்டு எங்கூடப் படிக்கிறவன் போட்டது. வார்த்தை முழுக்க என்னோடது."

"கதை என்ன?"

"நீதி பத்தினது. தப்பு பண்ணின ஒருத்தன் அதுலேருந்து மீண்டு வர்றது." சொல்லும்போது அவள் தலை குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். வார் ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது. அது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் நான்கு மணிக்கு இசைக் கல்லூரி அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. டிக்கெட்டிலிருந்த எண்ணைத் தேடி மூன்றாவது வரிசைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து நாற்காலியில் பழைய கூட்டாளி தாளக்காரனின் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே. உங்க பொண்ணு லாண்டரிக்கே வந்து டிக்கெட் குடுத்துட்டுப் போச்சு. அத்தை வரலைன்னா நாடகமே நடக்காதுன்னுச்சு. நமக்கும் ஒரு மரியாதைதானேன்னு அரை நாள் லீவு போட்டுட்டேன்."

"நல்லது தங்கச்சி," என்று உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள் அவள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல்நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். போன வருசம் மேஸ்திரி நெஞ்சுவலியில் அதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் மத்தியானம் ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். செத்துப்போன புருசனின் கூட்டாளி, அண்ணன் மாதிரி. பன்னிரண்டு வருசமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

திரை விலகியது. மேடை நடுவில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி, பாதியாக வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். உள்ளே சுத்தியலோடு ஒருவன். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன். மேலே நிற்கிறவன் கையில் ஒரு காகிதக் கோப்பை.

அந்தக் கோப்பை தெரிந்தவர் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் மேஸ்திரி. இன்னொருத்தி திரைக்குப் பின்னால் இருந்தாள்.

கப்பல் பட்டறையில் எண்ணெய்த் தொட்டி கழுவுகிற வேலை அது. ஒருத்தன் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்குவான், ஒருத்தன் மேலே பிடித்திருப்பான். உள்ளேயிருந்து கத்தினால் கேட்காது. சுத்தியலால் தட்டுவதுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் கயிறு விடு. மூன்று தட்டு என்றால் மேலே இழு. தாளக்காரனுக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. கையில் சுத்தியல் கிடைத்தால் போதும், தொட்டியைப் போட்டு மேளம் ஆக்கிவிடுவான். மூன்று தட்டையும் அவன் தட்டுகிற விதமே தனி. டக், கொஞ்சம் இடைவெளி, டக்டக். இழுத்தால் உள்ளே நின்று சிரிப்பான். "சும்மா பாத்தேன்டா, தூங்கிட்டியோன்னு."

அன்றைக்கும் மூன்று தட்டு வந்தது. மேஸ்திரி அப்போது மேஸ்திரி இல்லை, கயிறு பிடிக்கிற ஆள். கையில் பாதி டீ இருந்தது. 'ஆரம்பிச்சுட்டான்' என்று நினைத்தார். மறுபடியும் மூன்று வந்தது. 'இன்னைக்கு ரொம்பத்தான் ஆடுறான்' என்று மீதி டீயைக் குடித்தார். மூன்றாம் தடவை ஒரே ஒரு தட்டு. கோப்பையை வைத்துவிட்டு இழுத்தபோது கயிற்றில் மூட்டை கனம் கனத்தது. உள்ளே இருந்த காற்றை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

மேனேஜர் விசாரணைக்கு முன்னால் தோளில் கை போட்டுச் சொன்னான்: "குடிச்சிருந்தான்னு சொல்லிடு. உனக்கும் பொல்லாப்பில்ல, கம்பெனிக்கும் பொல்லாப்பில்ல." சொன்னார். அந்த வருசமே மேஸ்திரி ஆனார். வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் படாதவன் குடிகாரனாகச் செத்துப்போனான்.

இதையெல்லாம் மகளிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துச் சொன்னார். பிழைக்க மாட்டோம் என்ற பயத்தில் சொன்னது. கட்டில் கம்பியில் அந்தத் தட்டைத் தட்டியும் காட்டினார். அவள் அவர் உள்ளங்கையில் கை வைத்து, "என்னோட போயிடும்ப்பா," என்றாள். பிழைத்தும் தொலைத்தார்.

மேடையில் தொட்டிக்குள்ளிருந்து தட்டல் கேட்டது. டக். டக்டக்.

பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "கதவு," என்றாள் மெல்ல. "அவரு வீட்டுக்கு வந்தா இப்படித்தாண்ணே கதவைத் தட்டுவாரு."



விசாரணைக் காட்சி வந்தது. கயிறு பிடித்தவன் நெஞ்சில் கை வைத்துப் பாடினான்: 'குடிச்சிருந்தான் ஐயா, ஒரு தட்டும் கேட்கலை.' வார்த்தை மாறாமல், வரிசை மாறாமல் அவர் சொன்னது. அதையே நான்கு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு படி மேலே ஏற்றிப் பாடினான். பெற்ற மகள் அப்பன் தோலை உரித்து வெளிச்சத்தில் காயப்போட்டு ஊரைக் கூட்டிக் காட்டுகிறாள் என்று இருந்தது அவருக்கு. எழுந்து போய்விடலாம். போனால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் நாடகத்து விதவை வந்தாள். கயிற்றுக்காரன் அவள் காலடியில் விழுந்தான். அவள் அவன் தலையில் கை வைத்து, உன்னை மன்னித்தேன், எழுந்து நட என்று பாடினாள். நல்ல குரல். சனம் எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் மட்டும் எழவில்லை.

கைதட்டல் ஓய்ந்து ஆட்கள் வெளியேறும்வரை அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அவரு தட்டினது கேட்டுச்சா?"

சின்னப் பிள்ளைங்க கற்பனை, அதுங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு வாக்கியம் அவர் நாக்கின் நுனிவரை வந்தது. பன்னிரண்டு வருசம் பழகின நாக்கு.

"கேட்டுச்சு," என்றார்.

"குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

மகள் ஓடி வந்தாள். முகமெல்லாம் வேர்வையும் வெளிச்சமுமாக இருந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"அத்தை..."

"அந்தக் கடைசிப் பாட்டு யாரைக் கேட்டு எழுதின?"

"அது... நாடகத்துக்காக அத்தை. அவர் மீண்டு வரணும்ல."

"மீண்டு வரட்டும், யாரு வேணாம்னா? என் வாயை எதுக்கு வாடகைக்கு எடுத்த? நான் சொல்லாத வார்த்தைக்கு இத்தனை பேரு கை தட்டிட்டுப் போறாங்க. நாளைக்கும் இருக்குன்னியே. அந்தப் பாட்டை எடுத்துரு."

"அது இல்லைன்னா நாடகம் முடியாது அத்தை."

"முடியாமயே கெடக்கட்டும். எனக்கு முடிஞ்சுதா?" பையை எடுத்துக்கொண்டு மேஸ்திரி பக்கம் திரும்பினாள். அண்ணே என்று சொல்லவில்லை. "அன்னைக்கு எங்க வச்சு சொன்னீங்க?"

"பட்டறை ஆபீஸ்ல."

"அங்கயே போய்ச் சொல்லுங்க. பாடாம சொல்லுங்க."

அவள் போன பிறகு அப்பாவும் மகளும் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றார்கள்.

"உன்னோட போயிடும்னு சொன்ன," என்றார்.

"பேரு எதுவும் போடலையேப்பா."

"கோப்பையைப் போட்டியே."

அவளுக்கு அழுகை முட்டியது. "நீங்களா வாயைத் திறந்திருப்பீங்களா? எங்கிட்ட சொல்லிட்டு நீங்க பாட்டுக்குத் தூங்கினீங்க. ஒரு வருசமா எனக்குத்தான் தூக்கமில்ல. அத்தை என்னைப் பாத்து சிரிக்கும்போதெல்லாம் எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"அப்ப அவகிட்ட நேரா போய்ச் சொல்லியிருக்கணும். இல்ல, எங்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கணும். டிக்கெட் அடிச்சு, எனக்கும் ஒண்ணு குடுத்து, பக்கத்துல உக்கார வச்சியே." குரலை உயர்த்தவில்லை. "மேனேஜர்கூட என்னைத் தனியாத்தான் கூப்பிட்டான்."

அவள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நடந்தார்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பட்டறை ஆபீசுக்குப் போனார். மேனேஜர் எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தான். மேசையில் இருந்த பெண்ணுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். சுவரோரப் பெஞ்சில் தாளக்காரனின் பெண்டாட்டி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை. அவரைப் பார்த்தாள். பையை நகர்த்தவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகள். 'பாட்டை எடுத்துட்டேன்ப்பா. இன்னைக்கு விதவையா நடிக்கிறவங்க சும்மா நிப்பாங்க, அவ்வளவுதான்.' படித்தார். பதில் போடாமல் போனை உள்ளே வைத்தார்.

"எதைப் பத்தி ஐயா?" என்றாள் மேசைப் பெண்.

"பன்னிரண்டு வருசத்துக்கு முன்னாடி இங்க ஒரு விசாரணை நடந்துச்சு. அதுல நான் சொன்னது பொய்."

அவள் பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள், ஒரு வெள்ளைத் தாளைத் தேடி எடுத்தாள். "மெதுவா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

பெஞ்சில் இடமில்லாததால் அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"மூணு தட்டும் கேட்டுச்சு. என் கையில டீ இருந்துச்சு."