இருபத்துநாலாவது குண்டு

பெயிண்டரம்மா காலையிலிருந்தே ஒரு வாய் டீ கூடக் குடிக்கவில்லை. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடையால் அல்ல. அது பதினாறு வருஷப் பழக்கம். விமான அருங்காட்சியகத்தின் மேலாளர் நேற்றுச் சொன்ன வேலைதான் அருவருப்பாக இருந்தது.

கூடத்தின் நடுவில் நின்ற கிழட்டுப் போர் விமானத்தின் மூக்கில், குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குட்டிக் குண்டு வரைந்திருந்தது. மேல் வரிசையில் பன்னிரண்டு, கீழ் வரிசையில் பதினொன்று. கடைசியாக ஒன்றை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். பழைய பெயிண்டைப் புதுப்பிக்கும்போது அந்தத் தடத்தைக் கண்டுபிடித்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? மேலாளரிடம் சொல்லித் தொலைத்தாள்.

"அட, இருபத்துநாலா! வரிசையும் சரியாயிடும். அதையும் வரைஞ்சிடுங்க" என்றார் அவர்.

அந்த விமானத்துக்கு ஒரு காலத்தில் மெக்கானிக்காக இருந்தவர் அவளுடைய மாமனார். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவரிடம் கேட்டாள். வெளியே போய்விட்டு அப்போதுதான் வந்த மனுஷர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"விமானம் இறங்கினதும் நான்தான் வரைவேன். அன்னைக்கும் வரைஞ்சேன். மறுநாள்தான் சேதி வந்துச்சு. பாலத்துக்குப் போட்டது ஆஸ்பத்திரி மேல விழுந்திருக்கு. விமானி ஓடி வந்து, என் கையில இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, அழுதுகிட்டே சுரண்டினான். மறுபடி வரையச் சொல்லி உத்தரவு வந்துச்சு. நாங்க ஒருத்தரும் தொடலை. நீயும் தொட்டுடாதம்மா."

"சத்தியமா தொடமாட்டேன் மாமா."

இன்று காலையில் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இறக்கையின்மேல் டீ கப்பை வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியா? ஐயையோ, அதை வெளிய சொல்லிடாதீங்க. குண்டு மட்டும் போதும்" என்றார்.

"என்னால முடியாது சார்."

"ஒரு பொம்மை வரையறதுக்கு இவ்வளவு பேச்சா? விடுங்க, ஸ்டிக்கர் அடிச்சு வெச்சிருக்கேன்."

அடப்பாவி! சூடு சொரணை என்று எதுவுமே கிடையாதா இந்த ஆளுக்கு? வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, அவரே ஏணியில் ஏறி, ஸ்டிக்கரை அவசர அவசரமாக ஒட்டினார். நடுவில் காற்று புகுந்து கொப்புளமாக உப்பி நின்றது. இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார்.

அவள் ஏணியை எடுக்கத்தான் போனாள். கண் அந்தக் கொப்புளத்தின்மேல் விழுந்தது. அவள் கைபட்ட எந்த வேலையிலும் கொப்புளம் நின்றதே இல்லை. இரண்டு படி ஏறி, பையிலிருந்த பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. மூலையை நகத்தால் அழுத்திவிட்டாள். இப்போது ஒட்டியதா வரைந்ததா என்றே தெரியவில்லை.

"இருபத்துநாலு!" என்று பிள்ளைகள் எண்ணி முடித்துக் கைதட்டினார்கள். அப்போதுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. த்தூ, இதெல்லாம் ஒரு கையா? சேலையில் தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். மேலாளர்மேல் காலையிலிருந்து வந்த அருவருப்பு முழுக்க அவள் மேலேயே திரும்பியது.

போன் அடித்தது. மாமனார்.

"என்னம்மா ஆச்சு? வரையலையே?"

"நான் வரையலை மாமா. ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க."

"போகட்டும். அது ரெண்டு நாள்ல காத்து புகுந்து, தானா உரிஞ்சு விழுந்திடும்."

அவள் விமானத்தின் மூக்கை அண்ணாந்து பார்த்தாள்.

"விழாது மாமா" என்றாள்.