இரண்டு திருகாணிகளும் ஒரு கியூட்டெக்ஸ் புட்டியும்

புதன்கிழமை துவைக்க எடுத்த காக்கிச் சட்டையின் பையில் ஒரு கியூட்டெக்ஸ் புட்டி இருந்தது. நல்ல இரத்தச் சிவப்பு. பாதி தீர்ந்திருந்தது.

ருக்கையா அதைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே நின்றுவிட்டாள். அவள் நகத்துக்குச் சாயம் பூசுகிறவள் இல்லை. ஐந்து வேளைத் தொழுகைக்கும் கைகால் கழுவி ஒளு செய்கிறவளுக்கு, நகத்தில் தண்ணீர் படாமல் மறைக்கிற பூச்சு எதற்கு? அவளுக்கு மருதாணிதான். இது அவள் கணவன் இப்ராஹீமுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாங்கியிருக்கிறான் என்றால், இதைப் பூசிக்கொண்ட கை வேறு யாருடைய கையோ.

பக்கத்துக் குழாயில் சிவகாமசுந்தரி வாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மாடி வீட்டுக் கான்ஸ்டபிளின் மனைவி.

"எங்க வீட்டுக்காரரு பதினாறு வருஷத்துல எனக்கு ஒரு ஹேர்பின் வாங்கித் தந்ததில்ல லா. நான் ஒண்ணும் சொல்லல ருக்கையா. நீயே யோசிச்சுக்க."

ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது.

ருக்கையா யோசித்தாள். பாலஸ்டியர் பக்கத்து அந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு அவர்கள் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு டன்லப் ஸ்திரீட்டில், இப்ராஹீமின் அண்ணன் கடைக்கு மேலே, ஒன்பது பேருக்கு ஒரே அடுப்பு. ஓரகத்தி சமைத்து முடித்துக் கரண்டியைக் கழுவி வைத்த பிறகுதான் ருக்கையாவின் முறை வரும். அரசாங்க ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை கிடைத்ததும் இந்த இரண்டு அறைகள் கிடைத்தன. கூடவே அவளுக்கே அவளுக்கென்று ஓர் அடுப்பும் கிடைத்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாசல் தபால் பெட்டியில்கூட முன்பு குடியிருந்தவரின் பெயர்தான் இருந்தது. "கன்ஃபர்ம் ஆகட்டும் புள்ள, மாத்திக்கலாம்" என்று இப்ராஹீம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் அவன் வந்தபோது மேசை நடுவில் தேத்தண்ணி இல்லை, புட்டி இருந்தது.

"இது யாருக்கு மச்சான்?"

அவன் பார்த்தான். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். "துப்பாக்கிக்கு."

"உங்க துப்பாக்கிக்கு நகம் முளைச்சிருக்கோ?"

இப்ராஹீம் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். இதற்குச் சிரிக்கவில்லை. அப்போதுதான் ருக்கையாவுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"சனிக்கிழமை வருஷப் போட்டி," என்றான். "பெரிய ஆபீஸர் சுடப்போற ரைஃபிள்ல நான்தான் சைட் மாட்டியிருக்கேன், கண்ண வச்சுக் குறி பாக்குற தகடு. ரெண்டே ரெண்டு சின்ன ஸ்க்ரூ. ஒவ்வொரு தடவ சுடும்போதும் துப்பாக்கி உதறுதுல்ல, அந்த உதறல்ல ஸ்க்ரூ கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பிடுது. இருவது குண்டு போனா சைட் ஆடுது. குறி எங்கயோ, குண்டு எங்கயோ."

"நல்லா முறுக்க வேண்டியதுதானே?"

"முறுக்குனேன். ஸ்க்ரூவோட தலைதான் பிஞ்சுது. உளியால ஓரத்துல ஒரு தட்டுத் தட்டி நசுக்கினா அசையாது. ஆனா போட்டி முடிஞ்சதும் சைட்டக் கழட்டி, ரைஃபிளப் பழையபடி ஸ்டோர்ல வைக்கணும். நசுக்கக் கூடாதுன்னு உத்தரவு. நேவல் பேஸ்ல வேல பாத்த ஒரு ஆளுதான் கியூட்டெக்ஸ் பூசிப் பாருன்னாரு. சிராங்கூன் ரோட்டுல வாங்குனேன். கடைக்காரன் என்னப் பாத்த பார்வை இருக்கே! நேத்துப் பூசிச் சுட்டுப் பாத்தோம். முப்பதாவது குண்டுல திரும்பிடுச்சு. மரை கழண்டது துப்பாக்கிக்கா உனக்கான்னு சார்ஜன்ட் கேட்டாரு. சனிக்கிழமையும் கழண்டா, குவார்ட்டர்ஸ் சாவியக் கொடுத்துட்டுக் கிளம்பச் சொல்லிட்டாரு."

ருக்கையா மெல்ல அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சக்களத்தி ஒருத்தி வந்திருந்தால்கூட மயிரைப் பிடித்துச் சண்டை போட்டுப் பார்த்திருப்பாள். திருகாணியோடு எந்த முறையில் சண்டை போடுவது?

தேத்தண்ணி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கிய அவன் விரல்நுனியில் சிவப்பாய் ஒட்டியிருந்த பூச்சு, அவள் கைபட்டதும் வெங்காயச் சருகுபோல அப்படியே உரிந்து வந்தது. விரல் எண்ணெயில் பளபளத்தது.

"மச்சான், ஸ்க்ரூவுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"போடாம? துருப் பிடிச்சிடுமே. எங்க பொழப்பே எண்ணெய்தான் புள்ள."

"நம்ம நிக்காஹ் அன்னிக்கு என் இடது கை வெளுத்துக் கிடந்துச்சே, நெனப்பிருக்கா? ஏன்னு தெரியுமா? உங்க தங்கச்சி நஃபீசா எனக்குத் தலைக்கு எண்ணெய் தடவுனா. அந்தக் கையாலயே என் உள்ளங்கையத் துடைச்சுவிட்டு மருதாணி வச்சா. எண்ணெய்க் கையில மருதாணி பிடிக்குமா?"

இப்ராஹீம் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பூசி எவ்வளவு நேரம் விட்டு வச்சீங்க?"

"விட்டு வைக்கிறதா? பூசுனோம், முறுக்குனோம், சுட்டோம்."

"மருதாணி வச்ச கையோட எவளாச்சும் சட்டி கழுவப் போவாளா?" என்றாள் ருக்கையா. இத்தனை பெரிய அரசாங்கத்துக்கு இது தெரியவில்லையே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

வியாழக்கிழமை இப்ராஹீம் திருகாணிகளையும் அவை இறங்கும் துளைகளையும் பெட்ரோல் விட்டுக் கழுவினான். உலரும்வரை காத்திருந்தான். மரையில் கியூட்டெக்ஸைத் தடவி, அளவாக முறுக்கினான். திருகாணியின் தலையிலிருந்து சைட் வரைக்கும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். திருகாணி இம்மியளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சார்ஜன்ட் உடனே சுட்டுப் பார்க்கவேண்டும் என்றார். சனிக்கிழமை வரை யாரும் தொடக்கூடாது என்று இப்ராஹீம் மறுத்துவிட்டான்.

இதைக் கேட்டதும் ருக்கையா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "சுட்டுப் பாக்காமலா? என் பேச்சக் கேட்டா?"

"வேற யாரு பேச்சக் கேக்குறது? உனக்குத்தானே தெரிஞ்சிருந்துச்சு," என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இப்படி நம்பிவிட்டானே! வெள்ளிக்கிழமை தொழுகையில் நெடுநேரம் துஆக் கேட்டாள். ஒரு திருகாணிக்காக அல்லாஹ்விடம் கையேந்தியவள் இந்தத் தீவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சனிக்கிழமை காலையில் தகரப் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்து இரண்டு சேலையை மடித்து வைத்தாள். பிறகு, தன் வாயாலேயே கெடுதலைக் கூப்பிடுவது மாதிரி இருக்கவே, சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

மூன்று மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால், இப்ராஹீம் தலையைக் குனிந்துகொண்டு தபால் பெட்டி முன்னால் நிற்கிறான். ருக்கையா செருப்புப் போடாமல் ஓடினாள்.

"என்னாச்சு மச்சான்?"

"எழுவது குண்டு," என்றான். "கோடு முடியளவுகூட விலகல புள்ள."

அவள் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அப்ப கப்பு ஆபீஸருக்குத்தானா?"

"எங்க! அந்த மனுஷனுக்குக் கை நடுக்கம். அதுக்கு நான் கியூட்டெக்ஸ் பூச முடியுமா?" இப்போது சிரித்தான். "சார்ஜன்ட் பூதக்கண்ணாடி வச்சுக் கோட்டப் பாத்தாரு. பாக்கி எட்டு ரைஃபிளுக்கும் இதே மாதிரி செய்யின்னாரு. திங்கக்கிழமை கன்ஃபர்ம் காகிதம் வந்துடும்."

சட்டைப் பையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்தான். கூடவே விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் அவன் பெயரை எழுத்தெழுத்தாக அச்சு வைத்துத் தட்டியிருந்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே செய்துவிட்டானாம். மாட்டத்தான் தைரியம் வரவில்லையாம்.

ஏழு மாதமாக இதை ஒளித்து வைத்திருந்த மனிதனை ருக்கையா ஏற இறங்கப் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவருக்குக் கையை நீட்டினாள். பழைய பெயரைக் கழற்றினாள். இரண்டு திருகாணிகளையும் முந்தானையில் அழுத்தித் துடைத்து, மரையில் சிவப்பைத் தடவி, புதுத் தகட்டை வைத்து முறுக்கினாள். கடைசியில் கோடும் இழுத்தாள்.

மாடியிலிருந்து சிவகாமசுந்தரி குரல் கொடுத்தாள். "கடைசியில அது யாருக்காம் ருக்கையா?"

"எங்க வீட்டுக்குத்தான்கா!"

இப்ராஹீம் தகட்டைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினான். அவள் அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள். "நாளைக்கு வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"சரி, தொடல. வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா என்ன செய்வ?"

"நாமளா கழட்டினா வரும் மச்சான்," என்றாள் ருக்கையா. "தானாக் கழண்டு விழாது."