மேனேஜர் நகரிக்குப் போனார்

திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், நகரி நெசவாளர் சங்கத்தின் திருப்பதி டிப்போவுக்கு சிவசங்கரன் மேனேஜராக வந்தார். திருத்தணிக்காரர். ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது, வேலை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. மெட்ராஸில் மேனேஜர்களுக்கென்று நடந்த ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தவர். எடுத்த முடிவை மாற்றாதவனே நல்ல மேனேஜர் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். மிச்ச நாளெல்லாம் என்னதான் சொன்னார்கள் என்று டிப்போவில் யாரும் கேட்டதில்லை.

டிப்போவின் குமாஸ்தா தாட்சாயணி. நகரியில் தறிக்காரர் வீட்டிலிருந்து பி.ஏ. வரை போன முதல் ஆள். அவளுடைய அப்பா நாகபூஷணம் சங்கத்து நூலை வாங்கித்தான் நெய்துகொண்டிருந்தார். சங்கம் நூல் கொடுத்தால் தறி ஓடும். கொடுக்காவிட்டால் நிற்கும்.

ஆனி மாதத்தில் சித்தூர் ஜவுளி வியாபாரி வெங்கடரமணன் வந்து மஞ்சள் சேலைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். "சிராவண மாசம் மொதடி சுக்கரவாரானிக்கி சரக்கு காவாலி" என்றார். அந்த முதல் வெள்ளிக்கிழமைப் பூஜைக்குச் சித்தூரில் பாதிப் பெண்கள் புதுச்சேலை கட்டுவார்கள். மேனேஜர் தலையாட்டினார். வியாபாரி வாசல் தாண்டியதும், "ஆவணி மொதல் தேதிக்குச் சரக்கு வேணும்னு நகரிக்கு எழுதும்மா" என்றார்.

"சார், அவரு சொன்னது தெலுங்கு சிராவணம். அது அமாவாசை முடிஞ்சதும் பொறந்துடும். இந்த வருஷம் நம்ம ஆடி பொறந்து ஒரு வாரத்துலியே வந்துடுது."

"சிராவணம்னா ஆவணிம்மா. சின்னக் கொழந்தைக்குத் தெரியும்."

"சின்னக் கொழந்தைக்குத் தெரியும் சார். வெங்கடரமணனுக்குத் தெரியாது. இப்பதான் படி எறங்கினாரு. கூப்ட்டுக் கேட்டுடலாமா?"

"எந்த மாசம்னு வியாபாரிகிட்ட போய்க் கேட்டா, அவன் என்னை என்னன்னு நெனப்பான்? முடிவு பண்ணியாச்சு."

முடிவு செய்தபடியே ஆடி பிறந்த பிறகுதான் நூலைக் கொடுத்தார். நூல் இல்லாமல் காற்றையா நெய்ய முடியும்?

வெங்கடரமணன் சொன்ன நாளுக்கு லாரியோடு வந்தார். டிப்போவில் மேஜையும் நாற்காலியும் இருந்தன. தெலுங்கில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அதே லாரியில் ஆரணிக்குப் போய்ச் சேலை வாங்கிக்கொண்டார். ஆவணி முதல் தேதி நகரியிலிருந்து சரக்கு வந்தது, சொன்ன தேதி தவறாமல். கூரை வரை அடுக்கினார்கள். மஞ்சளாக, அழகாக இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

சங்கத்துப் பிரசிடென்ட் கோவர்த்தனன் விளக்கம் கேட்டார். மேனேஜர் நகரிக்கு ஆள் அனுப்பி, நீங்கள் தாமதம் செய்ததால் ஆர்டர் போயிற்று, இனி நூல் கிடையாது என்று தறிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அதையே கமிட்டிக்கு டைப் செய்யத் தாட்சாயணியிடம் கொடுத்தார். சாயங்காலம் வந்து பார்த்தபோது மெஷினில் காகிதமே ஏறியிருக்கவில்லை.

"ஏன் அடிக்கல?"

"பொய்யி சார்."

"உங்க நைனாவும் அதுல இருக்காரு. அதானே?"

"நைனாவ எடுத்துட்டுக் குடுத்தாலும் பொய்யிதான். நூல நிறுத்தினா அந்த வீடுங்கள்ல துன்றதுக்கு ஒண்ணும் இருக்காது. எங்க வீட்லயும் இருக்காது. உங்க வீட்ல இருக்கும்."

கமிட்டி டிப்போவின் பின்னறையில் கூடியது. போண்டா வந்தது. தாட்சாயணி நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"முன்னாடியே சொன்னியாம்மா?" என்றார் கோவர்த்தனன்.

"சொன்னேன்."

"இவ சொன்னா, வாஸ்தவம்தான்" என்றார் மேனேஜர். "ஆனா ஒரு குமாஸ்தா சொல்லி மேனேஜர் முடிவ மாத்தினா ஆபீஸ் என்னத்துக்கு ஆவறது?"

தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது. கோவர்த்தனன் போண்டாவைக் கீழே வைத்தார்.

நூலை நிறுத்த வேண்டாம் என்று தீர்மானம் ஆயிற்று. மேனேஜரை வேலையை விட்டு எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எடுத்தால் இன்னொருவரைத் தேட வேண்டும்.

"இனிமே ஆர்டரு, நூலு எல்லாம் நீயே பாத்துக்கோம்மா" என்றார் கோவர்த்தனன், பரிசு கொடுப்பதுபோல. "சாரு கையெழுத்து போடுவாரு."

"முடியாது."

"என்னம்மா முடியாது?"

"நீங்கதான் லேட்டுன்னு அத்தினி வீட்டுக்கும் சேதி போய்கீது. சார் போயி, இல்ல, தப்பு என்னுதுன்னு சொல்லட்டும். அப்பறம் பாத்துக்கறேன்."

"ஓர் ஆள அனுப்பிச் சொல்லிட்டா போச்சு."

"ஆளு பண்ண தப்பு இல்லியே இது."

கோவர்த்தனன் சொன்னபடி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிவசங்கரன் நகரிக்குப் போனார். ஜன்னலோரம் அவர். நாலு சீட் தள்ளித் தாட்சாயணி.

தெருவில், கையில் மிச்சமிருந்த நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். கஞ்சி காய்வதற்குள் நூல் நூலாகப் பிரித்துவிட வேண்டும். யார் வந்தாலும் கையை எடுக்க முடியாது. மேனேஜர் நாகபூஷணத்தின் முன்னால் போய் நின்றார். சங்கத்தின் வளர்ச்சியைப் பற்றி ஆரம்பித்தார்.

"சுருக்கா சொல்லு சார், பாவு காஞ்சிக்கினு கீது" என்றார் நாகபூஷணம்.

மேனேஜர் தாட்சாயணியைப் பார்த்தார். அவள் பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசத்த நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். நூலும் லேட்டாத்தான் குடுத்தேன். உங்க மேல தப்பு இல்ல."

நாகபூஷணம் இரண்டு இழைகளைப் பிரித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "சரி சார். கொஞ்சம் ஓரமா நில்லு, பாவு மேல நெழலு விழுது."

மேனேஜர் ஓரமாக நின்றார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். வீடு ஏற ஏறப் பேச்சு சுருங்கியது. சங்கத்தின் வளர்ச்சி முதலில் காணாமல்போனது. தெருக்கோடிக்கு வந்தபோது, "தப்பு என்னுது" என்பது மட்டும்தான் மிஞ்சியது.

தெருக்கோடி வீடு சுந்தரம்மாவுடையது. புருஷன் இல்லாமல் தனியாகத் தறி ஓட்டுகிறவள். எதுவும் பூட்டாத வெறும் தறியில் உட்கார்ந்தபடியே முழுசும் கேட்டாள். கேட்க ஒரு நொடிதான் ஆயிற்று.

"அது கெடக்குது சார். நூலு எப்ப வரும்?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு" என்றாள் தாட்சாயணி.

"நாளைக்கு" என்றார் மேனேஜர்.